டாலிக்கு ஆட்டோ கூப்பிட்ட நாள்

எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அப்பா போட்டிருந்த தகரக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அண்ணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் எங்கள் நாய் டாலி ஒருக்களித்துப் படுத்தபடி பல்லைக் காட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. அண்ணி அவசரப்படவில்லை. புறங்கையை அதன் மூக்குக்கு நேரே நீட்டி, அது முகர்ந்து முடிக்கும்வரை அப்படியே வைத்திருக்கிறார். பிறகு அதே கையை அடிவயிற்றுப் பக்கம் கொண்டுபோய், ஒவ்வொரு காம்பாக இரண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். கடைசிக்கு முந்தைய காம்பில் விரல் பட்டதும் டாலி வீலென்று கத்துகிறது. அண்ணி கையை இழுத்துக்கொள்கிறார். ஆனால் அவர் முகத்தில் பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. தனக்கு முன்பே தெரிந்த ஒன்றை இன்னொரு முறை பார்த்துவிட்ட முகம் அது.

எட்டு வருடம் ஆகப்போகிறது. அந்தக் காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நெகிழ்ச்சி, நன்றி என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையாக இருக்காது. முதலில் அம்மாமேல் எரிச்சல் வரும். அப்புறம் அண்ணன்மேல். அங்கே இங்கே சுற்றிவிட்டுக் கடைசியில் என்மேலேயே வந்து நிற்கும்.

அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். அந்த வேலையால் கிடைத்த குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். அண்ணன் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட், நான் மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட். மூன்று ஆண்களுக்கும் மூன்று விதமான ஷிஃப்ட். எப்போதும் யாராவது ஒருவர் பகலில் தூங்கிக்கொண்டிருப்போம், எப்போதும் அம்மா யாருக்காவது சோறு எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக்குத்தான் நெல்லிக்குப்பத்திலிருந்து அண்ணி வந்தார். அவருடைய அம்மா, அவர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் அப்பாவும் ஒரு தம்பியும்தான் அங்கே. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தபோது, "ரெண்டு ஆம்பளைங்க இருக்கிற வூட்ல அவள யாரு பாத்துப்பாங்க, நானே பாத்துக்கறேன்" என்று அம்மாதான் சொன்னாள். சொன்னபடி செய்யவும் செய்தாள். பத்தியச் சமையல், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணிப் புகை என்று எதிலும் குறை வைக்கவில்லை. இதை நான் எழுதியாக வேண்டும். ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு என் அம்மாவைக் கொடுமைக்காரி என்று யாராவது நினைத்துக்கொண்டால், அது அவ்வளவு சுலபமான விஷயமும் இல்லை.

குழந்தை பிறந்த இரண்டாவது வாரம் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து குளித்து, சாப்பிட்டு, நடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். அண்ணனுடைய வண்டி ரிப்பேரில் கிடந்ததால் என் வண்டியை அவன் எடுத்துப் போய்க்கொண்டிருந்தான். அண்ணியும் குழந்தையும் இருந்த அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு சுவர், அவ்வளவுதான்.

"மார்ல கல்லு கட்டினாப்புல இருக்குதுங்க அத்தை. வலி தாங்க முடியல."

"பால் கட்டிகினு இருக்கும். கொஞ்சம் நோவு இருக்கத்தான் செய்யும். புள்ளயப் போடு, கட்டு எறங்கிடும்."

"போட்டுப் பாத்துட்டேன். உசுரு போவுது."

"நானும் ரெண்டு பெத்தவதான். ஒரு வேள ஆஸ்பத்திரி வாசல மிதிச்சது இல்ல."

முதல் நாள் இதைக் கேட்டேன். இரண்டாம் நாளும் கேட்டேன். மூன்றாம் நாள் குழந்தை பசிக்கு அழும் சத்தமும், அண்ணி அதை மார்பில் வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தமும், உடனே குழந்தையை விலக்கிவிட்டதால் அது இன்னும் பெரிதாக அழும் சத்தமும் வரிசையாகக் கேட்டன. அம்மாவின் குரல் மாறிவிட்டது. "பால் குடுக்க மனசு வேணும்டி. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒடம்பு அழகு கெட்டுப் பூடும்னு பயம்." எனக்குத் தூக்கம் கெட்டது. எழுந்து போகலாமா என்று நினைத்தேன். பெண்கள் விஷயம், அதுவும் இந்த விஷயம், கொழுந்தனார் போய் என்ன பேசுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

ஆறாம் நாள் அண்ணி மயங்கி விழுந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீழ் கட்டியிருந்தது. கத்தி வைத்து எடுத்தார்கள். புண் ஆறி வருவதற்குள் பால் வற்றிவிட்டது. அதன்பிறகு குழந்தைக்குப் புட்டிப் பால்தான். அண்ணன் மட்டும் டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "நான் எவ்ளோ சொன்னேன், புள்ளய மார்ல போடவே மாட்டேன்னுட்டா. அப்புறம் கட்டிகிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காப்பி கொண்டுவந்து வைக்கும் அண்ணி அதைக் கேட்டபடியே திரும்பிப் போவார்.

டாலி குட்டி போட்டது அதற்கு நாலு மாதம் கழித்து, கார்த்திகை மழையில். சாதாரணத் தெருநாய்தான். ஒருநாள் மைன்ஸ் பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பாவின் பின்னாலேயே வந்து, அப்படியே எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அப்பாவுக்கு அதன்மேல் உயிர். கொட்டகையில் பழைய சாக்கு விரித்து, சாரல் அடிக்காமல் தார்ப்பாய் கட்டி, தலைச்சன் பிரசவம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆறு குட்டிகள். ஒன்று பிறக்கும்போதே செத்திருந்தது. மிச்சம் ஐந்தும் கண் திறக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முட்டி மோதிப் பால் குடித்தன. இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் குட்டிகள் ஒரு மூலையில் கத்திக்கொண்டிருந்தன. டாலி இன்னொரு மூலையில், சாக்குகூட இல்லாத வெறும் தரையில், மழையில் சில்லிட்ட சிமெண்டின்மேல் வயிற்றை அழுத்திப் படுத்திருந்தது. அப்பா குட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் பக்கத்தில் விட்டார். அவை தடவித் தடவிக் காம்பைக் கண்டுபிடித்து வாயை வைத்ததும் டாலி எழுந்து நடந்தது. ஒரு குட்டி காம்பை விடாமல் இரண்டு அடி தூரம் தொங்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. டாலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிளாக்கில் இருந்த அத்தனை பேரும் நாய் டாக்டர்கள் ஆனார்கள். மனுஷ வாடை பட்டுவிட்டது, அதுதான் சேர்க்கவில்லை என்றார் ஒருவர். குட்டிகளைப் பார்க்கத் தெருவே வந்து போனதால் கண் பட்டுவிட்டது என்றார் இன்னொருவர். எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிக்காரர், முதல் ஈற்றில் அப்படித்தான் இருக்கும், பிடித்துக் கட்டிவைத்துக் குடிக்க விடு என்றார். அண்ணன் போனில் வீடியோ பார்த்து, தாய் படுத்திருந்த துணியால் குட்டிகளைத் துடைத்தால் வாசனை சேர்ந்துவிடும் என்று கண்டுபிடித்து, ஐந்தையும் சாக்கில் போட்டுத் தேய்த்தான். நான் பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் ஊட்டினேன். குழந்தைக்கு ஊட்டுவதுபோலக் குட்டியை மல்லாக்கப் பிடித்துக்கொண்டுதான் ஊட்டினேன். பால் மூக்கு வழியாக வந்தது. அது தப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. குட்டிகளுக்குக் கழிச்சல் பிடித்தது. சாயங்காலம் அவற்றில் சிறியது செத்துப்போனது.

அடுத்த நாள் அப்பா திருநெல்வேலிக்காரர் சொன்னதைச் செய்தார். டாலியின் வாயைத் துண்டால் கட்டி, முழங்காலால் கழுத்தை அழுத்திக்கொண்டு, "இப்ப வுடுடா குட்டிங்கள" என்றார். நான் விட்டேன். ஒரு நாய் அப்படிக் கத்தி நான் அதற்குமுன் கேட்டதில்லை. துண்டுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் மதிலில் இருந்த காக்கைகள் பறந்துவிட்டன. துண்டு நழுவியதும் டாலி அப்பாவின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. அப்பா செருப்பைக் கழற்றி அதன் முதுகில் இரண்டு போட்டார். சாப்பாடு போட்டு வளர்த்த கை என்றார். அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "பெத்த தாயா இது? வவுத்துல சொமந்த பாசம்கூட இல்ல பாரு. குட்டிங்க கத்திச் சாவுது, இது பாட்டுக்குப் படுத்துகினு இருக்குது. சில ஜென்மங்க அப்படித்தான்."

அம்மாவுக்குப் பின்னால் அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார். அம்மா அண்ணியை நினைத்துச் சொன்னாளா, நாயைத்தான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாயைத்தான் சொல்லியிருப்பாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே அவளுக்கு உறைத்திருக்காது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அண்ணி குழந்தையைத் தூளியில் போட்டு, அது தூங்கியதும் கொட்டகைக்கு வந்தார். "பச்ச ஒடம்புக்காரி, நாய்கிட்டப் போவாத" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னது கேட்டது. அண்ணி நிற்கவில்லை. டாலிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் முதலில் சொன்னேனே, அது நடந்தது அப்போதுதான்.

"இங்க வந்து பாருங்க தம்பி," என்றார். "கிட்ட வாங்க. தொடாதீங்க, பாருங்க மட்டும்."

குனிந்து பார்த்தேன். மற்ற காம்புகள் எல்லாம் தளதளவென்று இருந்தன. அந்த ஒன்றைச் சுற்றி மட்டும் தோல் இழுத்துக் கட்டினதுபோல மின்னிக்கொண்டு, சிவந்து, நடுவில் கருநீலம் பாரித்திருந்தது. கையை அருகே கொண்டுபோனாலே சூடு தெரிந்தது. காம்பு நுனியில் ஒரு சொட்டு, பால் நிறத்தில் இல்லாமல் மஞ்சளாக நின்றிருந்தது.

"மனசு இல்லாம இல்ல தம்பி. இதுக்கு வலிக்குது," என்றார் அண்ணி. "அந்தச் சில்லுத் தரையில ஏன் போய்ப் படுக்குதுன்னு பாத்துகினே இருந்தேன். எரியும். அதான் சில்லுனு இருக்கிற எடமா தேடுது." டாலியின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "ஒரு ஆட்டோ கூப்பிடுங்க தம்பி. இன்னிக்கே போவணும்" என்றார்.

நான் எழுந்து போய் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் ஆட்டோ வந்துவிட்டது. அப்பா மணிக்கட்டில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு டாலியைத் தூக்கினார். அண்ணியும் ஏறினார். "நீ எதுக்கும்மா?" என்று அப்பா கேட்டதற்கு, "எந்தக் காம்புன்னு காட்டணும் இல்லங்களா மாமா" என்றார். குட்டிகள் நாலையும் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் நடுத்தர வயதுப் பெண். முதலில் அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி இங்கிருந்து நேரே ஊசி போட்டுக்கொள்ளப் போகவேண்டும் என்று கண்டித்தார். பிறகு டாலியைப் பார்த்தார். மாட்டுக்கு மடிநோய் வருவதுபோலத்தான் இதுவும், குட்டிகளின் நகம் கீறிய இடத்தில் கிருமி போயிருக்கும் என்றார். ஊசி போட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, அந்தக் காம்பில் இருப்பதை மெதுவாகப் பீய்ச்சி வெளியே எடுத்துவிட வேண்டும், அதில் மட்டும் குட்டிகள் வாய் வைக்காமல் துணி சுற்றிவிட வேண்டும் என்றார். குட்டி விஷயத்துக்கு வந்தபோது நான் ஊட்டிய விதத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. குட்டியை மல்லாக்கப் பிடிக்கவே கூடாது, குப்புறக் கிடக்கிறபடியே தலையை லேசாகத் தூக்கி ஊட்ட வேண்டும், சில்லிட்டுப்போன குட்டிக்குப் பாலே கொடுக்கக் கூடாது, முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும், குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது, அதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்றார். பால் குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவிவிட்டால்தான் அவை ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும், தாய் நாக்கால் நக்குவது அதற்குத்தான் என்றார். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க, செத்துப்போன அந்தச் சின்னக் குட்டி என் நினைவில் வந்து போனது.

"கரெக்டான நேரத்துல கொண்டாந்தீங்க," என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு மூணு நாள் வலிக்குது வலிக்குதுன்னு கத்த விட்டிருந்தா சீழ் புடிச்சிருக்கும். கிழிச்சுதான் எடுத்திருக்கணும். யார் பாத்துச் சொன்னது?"

அப்பா அண்ணியைக் கை காட்டினார். அண்ணி டாலியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைப் பார்த்து, "நல்லா பாத்திருக்கீங்கம்மா" என்றார். அண்ணி தலையசைத்தார். அப்பா தன் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் யாரும் பேசவில்லை.

ஒருவேளை அன்று யாராவது பேசியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். நாங்கள் பேசும் குடும்பம் இல்லை. செய்வோம். அப்பா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு டாலிக்கு ஒத்தடம் கொடுத்தார். அண்ணன் குண்டு பல்பைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் குட்டிகளுக்குச் சூடு காட்டினான். ஷிஃப்ட் முடிந்து வந்து நான் பால் ஊட்டினேன். அண்ணி குட்டிகளின் ஊசி நகங்களைத் தன் குழந்தைக்கு வெட்டும் சின்ன நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டிவிட்டார். மூன்றாம் நாள் டாலி எழுந்து வந்து பெட்டிக்குள் மூக்கை நீட்டியது. ஐந்தாம் நாள் தானாகவே படுத்துக் கொடுத்தது. அதற்குள் இன்னொரு குட்டி போய்விட்டது. மூன்று தேறின. டாலி அந்த மூன்றையும் நக்கி நக்கித் தோலே தேய்ந்துவிடும்போல இருந்தது.

அம்மாவும் மாறித்தான் போனாள். டாலிக்கென்று கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள், அதில் கருவாட்டுத் தலையைப் போட்டு ஆற வைத்தாள். அப்படி ஒருநாள் மத்தியானம் கஞ்சியைத் துழாவிக்கொண்டே சொன்னாள்: "பாவம், வாயில்லா ஜீவன். எவ்ளோ நோவு இருந்திருக்கும். சொல்லத் தெரியாமத்தான அப்படிக் கத்திகினு கெடந்தது. அது தெரியாம இந்த மனுஷன் செருப்பால அடிச்சிட்டாரு."

அண்ணி அடுப்பு மேடையில் குழந்தைக்குப் பால் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. குரலும் உயரவில்லை.

"வாய் இருக்கிறவ சொன்னா மட்டும் கேட்டீங்களாங்க அத்தை?"

அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் அன்று வீட்டில் இருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரசத்தைப் பிசைந்த கை மூன்று பேருக்கும் நின்றது. அம்மா கரண்டியை வைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் பேசப்பட்டதெல்லாம் அண்ணி கேட்ட கேள்வியைப் பற்றி இல்லை, அண்ணி அப்படிக் கேட்டதைப் பற்றித்தான். பதினைந்து நாள் அம்மா அண்ணியோடு பேசவில்லை. "பெத்த பொண்ணு மாதிரி பாத்துகினேன், என் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டா" என்று காடாம்புலியூரில் இருக்கும் பெரியம்மாவிடம் போனில் அழுதாள். அண்ணன் அண்ணியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்துபோகும் என்றான். அண்ணி கேட்கவில்லை. "எதுக்குன்னு சொல்லுங்க, கேக்கறேன்" என்றாராம். அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. என்னிடம் பதில் இருந்தது. அவங்க சொன்னதில் என்ன தப்பு என்று நான் கேட்டிருக்கலாம். நான் கேட்டால் அம்மா என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டாள், சின்ன மகன். ஒவ்வொரு நாளும் கேட்டுவிடுவதாக நினைத்துக்கொண்டே டூட்டிக்குப் போனேன். பம்ப் ஹவுஸ் இரைச்சலில் உட்கார்ந்து வாக்கியங்களை எல்லாம் சரிபார்த்து வைப்பேன். வீட்டுக்கு வந்தால் அம்மா சோறு போடுவாள், சாப்பிடுவேன், படுப்பேன்.

குழந்தைக்கு ஒரு வயது ஆகும்முன்பே அண்ணனும் அண்ணியும் வடலூரில் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விட்டார்கள். அண்ணன் வேலைக்கு அங்கிருந்து பஸ் வசதி என்று காரணம் சொன்னார்கள். எல்லோரும் அதை நம்பியதாக வைத்துக்கொண்டோம்.

டாலி இப்போது இல்லை. அப்பா ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நான் இன்னும் கான்ட்ராக்ட்தான். எனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. இந்த வருடம் பலாப்பழ சீசன் தொடங்கிய சமயத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் போன் செய்தார். அவர் வீட்டு நாய் குட்டிகளைச் சேர்க்கவில்லையாம், கடிக்க வருகிறதாம், என்ன செய்வது என்று கேட்டார். குட்டிகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் தாயின் காம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள், எங்காவது சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்று சொன்னேன். சில்லிட்ட குட்டிகளை முதலில் சூடாக்குங்கள், குப்புறப் போட்டு ஊட்டுங்கள் என்று டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர், "உங்கம்மாவும் இதத்தாங்க சொன்னாங்க. நேத்து கடையில பாத்தேன். உங்க வூட்டு நாய்க்கு வந்தப்ப அவங்கதான் தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சாங்களாமே" என்றார்.

நான் போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கேட்டிருந்தால் ஆமாம், நான்தான் பார்த்தேன் என்று சத்தியமாக நம்பிச் சொல்லியிருப்பாள். இத்தனை வருடத்தில் அவள் கதையிலிருந்து அண்ணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்விட்டார், வீட்டிலிருந்து போனது மாதிரியே. யாரும் தள்ளவில்லை. யாரும் பிடித்து நிறுத்தவும் இல்லை. அப்போதும் நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமாவது ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுப் பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு வடலூர் பஸ் ஏறினேன். அண்ணன் டூட்டிக்குப் போயிருந்தான். பையன் டியூஷன் போயிருந்தான். அண்ணி சிரித்துக்கொண்டு, "சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று வழக்கம்போல வாசலிலேயே சொல்லிவிட்டார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தரையில் செய்தித்தாள் விரித்துப் பழத்தைப் பிளந்து உட்கார்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். பால் பிசினைக் கத்தியால் வழித்துக்கொண்டே அம்மா உடம்பு எப்படி இருக்கிறது, அப்பா மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க தம்பி."

"கொழந்த பொறந்தப்ப உங்களுக்கு அப்படி ஆச்சே. நீங்க அம்மாகிட்ட வலிக்குது வலிக்குதுன்னு சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. எழுந்து வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல. அது எனக்கு உறுத்திகினே இருக்குது. மன்னிச்சிடுங்க."

கத்தி நின்றது. அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க வூட்லயா இருந்தீங்க?"

"அந்த வாரம் நைட் ஷிஃப்ட்டு. பகல்ல பக்கத்து ரூம்லதான் படுத்துகினு இருந்தேன்."

"வண்டி வெளிய இல்லியே."

"அண்ணன் எடுத்துகினு போயிருந்தான்."

அண்ணி ஒரு சுளையை எடுத்தார். அதைச் சுற்றியிருந்த சடையை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரிக்க ஒன்றும் இல்லாதபோதும் விரல்கள் அதையே செய்துகொண்டிருந்தன.

"நீங்க பகல் டூட்டிக்குப் போயிட்டிருந்தீங்கன்னுதான் நான் நெனச்சிகினு இருந்தேன்," என்றார். "மாமா இருந்தாரு, அவருக்கு இது புரியாது. உங்க அண்ணன் அத்தை பேச்சத் தட்ட மாட்டாரு. தம்பி மட்டும் வூட்ல இருந்திருந்தா, ஒரு ஆட்டோவாவது கூப்பிட்டிருப்பாருன்னு..." முடிக்காமல் சுளையைப் பாத்திரத்தில் போட்டார். "அதான் டாலிக்கு உங்ககிட்ட சொன்னேன். ஒடனே கூப்பிட்டீங்க. அன்னிக்கு மனசுக்குள்ள, பாத்தியா, நாம நெனச்சது சரிதான்னு தோணுச்சு."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணி அவசரமாகக் கை காட்டி, "விடுங்க தம்பி, எப்பவோ நடந்தது" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு பேசியிருப்பேன். மிச்சச் சுளைகளையும் எடுத்து முடித்தார். பாதியை ஒரு டப்பாவில் போட்டு, என் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லி மூடி, பையில் வைத்து என் பக்கத்தில் நகர்த்தினார். கையிலிருந்த எண்ணெயைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டரைக்கு ஒரு பஸ்ஸு இருக்குது தம்பி," என்றார். "இப்பக் கெளம்புனா புடிச்சிடலாம்."